மெடிக்கல் ஸ்கூலுக்கு மறுபடி அப்ளை பண்ற நர்ஸ்: ஐசியூ வருஷம் போதும், மத்ததைப் பாருங்க

வந்த கேள்வி இது, சுருக்கி போடறேன்: "அக்கா, எனக்கு வயசு 31. டெக்ஸாஸ்ல மெடிக்கல் ஐசியூல 7 வருஷமா ஆர்என்னா (ரெஜிஸ்டர்டு நர்ஸா) இருக்கேன். பிஎஸ்என் (நர்ஸிங் டிகிரி) இங்கயே படிச்சது, கிரீன் கார்டு இருக்கு. மொத்த ஜிபிஏ (4-க்கு கணக்கு போடற கிரேடு சராசரி) 3.38, சயின்ஸ் ஜிபிஏ 3.1. எம்கேட் (மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வு) 503, அதுல கார்ஸ் (பேசேஜ் படிச்சு பதில் சொல்ற பகுதி) 122. போன வருஷம் செப்டம்பர்ல ஆம்காஸ் (பல காலேஜுக்கு ஒரே எடத்துல அப்ளை பண்ற சிஸ்டம்) வழியா 18 எம்டி (அமெரிக்க டாக்டர் டிகிரி) காலேஜுக்கு போட்டேன், ஒரே ஒரு இண்டர்வியூ வந்துச்சு, அங்கயும் வெயிட்லிஸ்ட்ல வெச்சு கடைசில இல்லன்னுட்டாங்க. வீட்ல எல்லாரும் பேசாம என்பி (நர்ஸ் பிராக்டிஷனர், மேல்படிப்பு படிச்சு மருந்து எழுதற நர்ஸ்) பண்ணிடுன்றாங்க. வர்ற ஜூன்லயே திரும்ப போடட்டுமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் ஐசியூ எக்ஸ்பீரியன்ஸ் சேத்துட்டு போடட்டுமா?"

ரெண்டும் வேணாம்மா. வர்ற ஜூன் ரொம்ப சீக்கிரம், ஏன்னா அதுக்குள்ள உங்க அப்ளிகேஷன்ல எதுவும் மாறியிருக்காது. இன்னும் ரெண்டு வருஷம் ஐசியூன்றது நேர விரயம், ஏன்னா உங்ககிட்ட குறையாத ஒரே விஷயம் அதுதான். ஏழு வருஷம் ஃபுல் டைம்னா பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல வருது, கமிட்டில உக்காந்திருக்கவங்களுக்கு 10,000-க்கும் 14,000-க்கும் வித்தியாசமே தெரியாது. நம்ம நர்ஸுங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க, ரிஜெக்ட் ஆனதும் இன்னும் சர்ட்டிஃபிகேஷன் எடுக்கறது, இன்னும் ஷிஃப்ட் எடுக்கறதுன்னு ஏற்கனவே பலமா இருக்க பக்கத்தையே பலப்படுத்திட்டு இருப்பாங்க. கமிட்டியோட சந்தேகம் வேற எடத்துல இருக்கு. இந்தப் பொண்ணு நல்ல நர்ஸுன்னு அவங்களுக்கு தெரியுது, ஆனா ரெண்டு வருஷம் கடுமையான பேசிக் சயின்ஸ தாங்குவாளா, இவளுக்கு எதுக்கு எம்டி வேணும்னு அவளுக்கே தெளிவா தெரியுமா, இந்த ரெண்டு கேள்விக்கும் உங்க பேப்பர்ல பதில் இல்ல.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, படிச்சதுமே எனக்கு தூக்கிவாரி போட்டுச்சு. டெக்ஸாஸ்ல இருந்துக்கிட்டு ஆம்காஸ்ல மட்டும் போட்டிருக்கீங்க. டெக்ஸாஸோட அரசு மெடிக்கல் காலேஜ் எல்லாம் டிஎம்டிஎஸ்ஏஎஸ்னு தனி அப்ளிகேஷன் சிஸ்டம், பேலர் காலேஜும் இப்ப அதுலதான் இருக்கு. அரசு காலேஜ்ல குறைஞ்சது 90 சதவீத சீட் டெக்ஸாஸ்ல குடியிருக்கவங்களுக்குன்னு சட்டமே இருக்கு. அதாவது உங்களுக்காகவே ஒதுக்கின கதவை தட்டாம, தன் மாநிலத்து புள்ளைங்கள மொதல்ல பாக்கற வெளி மாநில காலேஜுங்க பின்னாடி போய் நின்னிருக்கீங்க. டிஎம்டிஎஸ்ஏஎஸ்ல எத்தனை காலேஜ் டிக் பண்ணாலும் ஒரே ஃபீஸ்தான், ஆம்காஸ் மாதிரி ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியா ஏறாது. கிரீன் கார்டு, ஏழு வருஷ வேலை, இங்க கட்டின டாக்ஸ் எல்லாம் இருக்கறதால ரெசிடென்சி (டெக்ஸாஸ்ல குடியிருக்கறத) காட்டறது உங்களுக்கு கஷ்டமா இருக்காது, இருந்தாலும் அந்த சைட்ல இருக்க ரெசிடென்சி விதிய ஒரு தடவை நிதானமா படிச்சு பேப்பர்லாம் எடுத்து வைங்க.

காலேஜ் லிஸ்ட்லயும் கொஞ்சம் பொருத்தம் பாக்கணும். ஹூஸ்டன் யுனிவர்சிட்டியோட மெடிக்கல் காலேஜ் 2020-ல தொடங்கினது, படிச்சு வர்றவங்கள்ல பாதி பேராவது பிரைமரி கேருக்கு போகணும்ன்றதுதான் அவங்க குறிக்கோளே. லப்பக்ல டெக்ஸாஸ் டெக்ல ஃபேமிலி மெடிசினுக்கு மூணே வருஷத்துல எம்டி முடிக்கிற டிராக் ஒண்ணு இருக்கு, 31 வயசுல நீங்க அதை ஒரு பார்வை பாக்கணும். தெற்கு எல்லைல ரியோ கிராண்டி வேலி காலேஜ், கிழக்குல 2023-ல தொடங்கின டைலர் காலேஜ், இதெல்லாம் அந்தந்த பகுதிக்கு டாக்டர் பத்தலன்னு ஆரம்பிச்ச காலேஜுங்க. அந்த மாதிரி எடத்துல வேலை பாக்க உங்களுக்கு உண்மையா விருப்பம் இருந்தா அங்க உங்க வார்த்தைக்கு எடை அதிகம். விருப்பம் இல்லன்னா எழுதாதீங்க, இண்டர்வியூல ரெண்டாவது கேள்வியில தெரிஞ்சுடும்.

டிஓ (ஆஸ்டியோபதிக் டாக்டர் டிகிரி, எம்டி மாதிரியே முழு டாக்டர்) காலேஜையும் விட்டுட்டீங்க. எம்டி சேர்றவங்களோட எம்கேட் சராசரி 511, 512 பக்கம் இருக்கு, ஜிபிஏ 3.75-க்கு மேல. டிஓல எம்கேட் 504 பக்கம்தான். 2020-லருந்து ரெசிடென்சி (டாக்டர் படிப்புக்கு அப்புறம் ஆஸ்பத்திரில எடுக்கற டிரெயினிங்) புரோகிராமுக்கெல்லாம் ஒரே அங்கீகார முறைதான், டிஓ முடிச்சவங்க அதே ஆஸ்பத்திரியில அதே ரெசிடென்சி பண்றாங்க, உங்க ஐசியூலயே டிஓ அட்டெண்டிங் (சீனியர் டாக்டர்) ஒருத்தராவது கண்டிப்பா இருப்பார். ஃபோர்ட் வொர்த்ல இருக்க டிகாம், சாம் ஹூஸ்டன் ஸ்டேட், இந்த ரெண்டும் டிஎம்டிஎஸ்ஏஎஸ்குள்ளயே வருது. வெளி மாநில டிஓவுக்கு ஆகோமாஸ்னு இன்னொரு அப்ளிகேஷன் சிஸ்டம். எம்டிக்கு கீழன்னு வீட்ல யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

இப்ப மார்க் விஷயம், இதுதான் பெரிய வேலை. நர்ஸிங் படிச்சவங்களுக்கு சயின்ஸ் ஜிபிஏ ஏன் இப்படி இடிக்குதுன்னா, ஆம்காஸ் கணக்குல பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் நாலு மட்டும்தான் சயின்ஸ். அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி உள்ள வரும். ஃபார்மகாலஜி, மெட்-சர்ஜ், கிரிட்டிகல் கேர்னு நீங்க உயிரைக் குடுத்து ஏ வாங்கினதெல்லாம் ஹெல்த் சயின்ஸ்னு தனி பெட்டிக்குள்ள போயிடும். அதனால முதல் வருஷம் கெமிஸ்ட்ரில வாங்கின ஒரு சி, மொத்த ஜிபிஏவ விட சயின்ஸ் ஜிபிஏவ ரொம்ப அதிகமா இழுக்கும். சி வாங்கின பாடத்த திரும்ப எடுத்து ஏ வாங்கினா பழசு அழிஞ்சுடும்னு சிலர் இன்னும் சொல்லிட்டிருக்காங்க, ஆம்காஸ்ல ரெண்டுமே கணக்குல நிக்கும், டிஓ பக்கம் முன்னாடி இருந்த அந்த சலுகையும் 2017-லயே போயிடுச்சு.

அப்ப என்ன பண்ணலாம்? ஒரு கணக்கு போட்டு காட்டறேன், உங்க கிரெடிட் எண்ணிக்கை எனக்கு தெரியாததால தோராயமா வெச்சுக்கறேன். சயின்ஸ் 60 கிரெடிட் 3.1-னா, இன்னும் 30 கிரெடிட் முழுக்க ஏ வாங்கினா 3.4 ஆகும். மொத்தம் 130 கிரெடிட் 3.38-னா அது 3.5 தொடும். எண்ணா பாத்தா பெரிய ஏத்தம் இல்ல, ஆனா ஆம்காஸ் கமிட்டிக்கு அனுப்பற கிரேடு டேபிள்ல வருஷவாரியா தனித்தனி வரிசை, டிகிரி முடிச்சப்புறம் படிச்ச அண்டர்கிராட் பாடத்துக்கு போஸ்ட்பேக்னு தனி வரிசை. அந்த வரிசைல 30 கிரெடிட் 4.0-ன்னு தனியா தெரியும், 19 வயசுல இருந்த ஸ்டூடண்ட் வேற, இப்ப இருக்கறவ வேறன்னு நீங்க ஒரு வரி எழுத வேண்டாம், அந்த டேபிளே சொல்லிடும். மாஸ்டர்ஸ்ல வாங்கற மார்க் இந்த அண்டர்கிராட் கணக்குல சேராது, தனியாதான் நிக்கும். அதனால ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்னு (மெடிக்கல் ஸ்கூலுக்கு போட மார்க்க பலப்படுத்தற மாஸ்டர்ஸ்) 40,000, 50,000 டாலர் கேக்கற புரோகிராம்ல இப்பவே போய் விழாதீங்க. என்பி மாஸ்டர்ஸ் பாதி படிச்சுட்டு அதை காட்டலாம்னு நினைக்கறது அதைவிட மோசம், ஏன் பாதில விட்டீங்கன்ற புது கேள்விதான் வரும்.

என்ன பாடம்னா, பயோகெமிஸ்ட்ரி கட்டாயம். அப்புறம் செல் பயாலஜி, ஜெனெடிக்ஸ், மேல் லெவல் ஃபிசியாலஜி, ஸ்டாட்ஸ். நர்ஸிங்ல எடுத்த கெமிஸ்ட்ரி ஹெல்த் சயின்ஸ் ஸ்டூடண்ட்ஸுக்குன்னு இருக்க வகையா இருந்தா நிறைய மெடிக்கல் காலேஜ் அதை ஏத்துக்காது, சயின்ஸ் மேஜருக்கான கெமிஸ்ட்ரி லேபோட வேணும், ஆர்கானிக், ஃபிசிக்ஸ் அதே கதைதான். போன தடவை 18 காலேஜ்ல எத்தனை எடத்துல இந்த காரணத்துக்காகவே ஓரமா வெச்சாங்களோ. ஒவ்வொரு காலேஜோட பாட விதியையும் இந்த தடவை முன்கூட்டியே பாத்து டிக் அடிச்சுக்கோங்க. முடிஞ்ச வரை நாலு வருஷ யுனிவர்சிட்டில, நேர்ல போய் எடுங்க. ஒரு செமஸ்டருக்கு ரெண்டு பாடம், ஷிஃப்ட்ட வாரத்துக்கு ரெண்டா குறைச்சுக்கோங்க, இல்லன்னா பிஆர்என்னுக்கு (தேவைப்படறப்ப மட்டும் ஷிஃப்ட் எடுக்கற வேலை) மாறிக்கோங்க. மூணு பன்னெண்டு மணி நேர ஷிஃப்டும் ஆர்கானிக்கும் சேத்து இழுத்து பி வாங்கறதுக்கு, அந்த பாடத்த எடுக்காமலே இருக்கலாம். ஆஸ்பத்திரில டியூஷன் உதவி இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க, வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் அவங்க குடுத்தா உங்களுக்கு அதுக்கு ஃபெடரல் டாக்ஸ் கிடையாது. நர்ஸிங் படிப்புக்கு மட்டும்தான்னு சில எடத்துல வெச்சிருப்பாங்க, எழுத்துல வாங்கி படிங்க.

டெக்ஸாஸ்ல அகாடெமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கு, 10 வருஷத்துக்கு மேல பழைய பாடங்கள டெக்ஸாஸ் அரசு காலேஜுங்க கணக்குலருந்து மொத்தமா விட்டுடலாம். கேக்க நல்லா இருக்கும், ஆனா கெட்டதை மட்டும் தூக்க முடியாது, அந்த காலத்து நல்ல கிரேடும் கிரெடிட்டும் சேந்து போயிடும். உங்க பழைய பாடங்கள்ல பாதிதான் அந்த வயசு தாண்டியிருக்கும்னு தோணுது, அட்வைசர் ஒருத்தர்கிட்ட உக்காந்து கணக்கு பாக்காம அதுல கையெழுத்து போடாதீங்க.

எம்கேட். 503 மோசமான ஸ்கோர் இல்ல, 472-லருந்து 528 வரை இருக்க அளவுல அது நடுவுக்கு கொஞ்சம் மேல. ஆனா 3.38 வெச்சிருக்கவங்களுக்கு எம்கேட் கை குடுக்கணும், உங்களுது கை குடுக்கல. கார்ஸ் 122ன்றதுதான் பளிச்சுனு கண்ணுல குத்துது. இது இங்கிலீஷ் குறைன்னு நினைச்சு வொகாபுலரி புக் வாங்காதீங்க. நர்ஸுங்க படிக்கிற முறையே வேற, சார்ட்ட திறந்தா தேவையான நம்பர தேடி எடுத்துட்டு ஓடணும், அது நம்ம வேலைக்கு சரி. கார்ஸ்ல 90 நிமிஷத்துல 9 பேசேஜ், 53 கேள்வி, அதுல தகவல் தேடினா தோத்தோம். எழுதினவர் என்ன வாதம் வைக்கிறார், எங்க தடம் மாறுறார், யாரை மறுக்கிறார்னு புடிக்கணும். தினமும் ரெண்டு மூணு பேசேஜ், மாசக்கணக்குல, முடிச்சதும் ஒவ்வொரு தப்பான ஆப்ஷனும் ஏன் தப்புன்னு சொந்த வார்த்தைல எழுதிப் பாருங்க. எம்கேட் நடத்தற ஏஏஎம்சி விக்கிற அஃபிஷியல் பேசேஜுங்கள கடைசி ரெண்டு மாசத்துக்கு பத்திரமா வைங்க, மத்த கம்பெனி கார்ஸ் கேள்விகளோட லாஜிக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்.

சயின்ஸ் செக்‌ஷன்ல நர்ஸுக்கு இன்னொரு பொறி இருக்கு. பேசேஜ்ல ஒரு மருந்து பேரோ நோயோ வந்தா கை தன்னால பெட்சைடு அனுபவத்துலருந்து பதில் எடுக்கும். எம்கேட் அதை கேக்கல, அந்த கிராஃப்ல கேஎம் (என்சைம் கைனெடிக்ஸ்ல வர்ற ஒரு அளவு) ஏன் மாறுச்சுன்னு கேக்குது. அமினோ ஆசிட் 20-ம் தூக்கத்துல கேட்டாலும் வரணும், என்சைம் கைனெடிக்ஸ், ஃபிசிக்ஸ்ல ஃப்ளூயிட்ஸ் எல்லாம் அடிலருந்து படிக்கணும். அப்புறம் நைட் ஷிஃப்ட் பாக்கறீங்கன்னா பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடியே டே ஷிஃப்ட் வாங்கிடுங்க. அது காலைல ஆரம்பிச்சு பிரேக்கோட ஏழரை மணி நேரம் உக்கார வைக்கிற பரீட்சை, நீங்க வழக்கமா தூங்கற நேரத்துல மூளைய ஓட்ட சொன்னா எவ்வளவு படிச்சும் புண்ணியம் இல்ல. அஃபிஷியல் ஃபுல் லெங்த் டெஸ்ட் தொடர்ந்து மூணுல 510 தாண்டாம தேதி புக் பண்ணி போய் உக்காராதீங்க. வருஷத்துக்கு 3, ரெண்டு வருஷத்துல 4, வாழ்நாள்ல 7 தடவைதான், வாய்ட் பண்ணாலும் (ஸ்கோர் வேணாம்னு ரத்து பண்றது) போகாம விட்டாலும் அதுல ஒண்ணு கழியும், ரெண்டாவது தடவை 502 வந்தா முதல் 503-ஐ விட அது உங்கள அதிகமா காயப்படுத்தும்.

அடுத்தது எழுத்து. ஏன் டாக்டர், ஏன் என்பி இல்ல. இந்த கேள்விய நர்ஸுகிட்ட கேக்காத கமிட்டியே கிடையாது, கேக்கலன்னாலும் மனசுல வெச்சுதான் படிப்பாங்க. "ஆர்டர் எடுக்கறது போதும், ஆர்டர் போடணும்"ன்ற தொனி ஒரு வரில தெரிஞ்சாலும் முடிஞ்சுது. டாக்டர் கவனிக்காம விட்டதை நான் புடிச்சு பேஷண்ட்ட காப்பாத்தினேன்ன்ற கதையும் வேணாம், உண்மையாவே இருந்தாலும், படிக்கிறவர் ஒரு டாக்டர். என்பிக்கு டெக்ஸாஸ்ல டாக்டரோட ஒப்பந்தம் இல்லாம மருந்து எழுத முடியாதுன்றது நிஜம்தான், ஆனா அதை காரணமா எழுதினா வேற மாநிலத்துக்கு போய் என்பி ஆகலாமேன்னு ஒரே வரில கவுத்துடுவாங்க. என்பிய குறைச்சு பேசாம, உங்களுக்கு வேணும்ன்றது என்னன்னு மட்டும் சொல்லுங்க. செப்டிக் ஷாக்ல (தொற்றால பிரஷர் விழுந்த நிலை) ஒருத்தர், லெவோஃபெட் (பிரஷர் ஏத்தற மருந்து) ஏத்திக்கிட்டே போறீங்க, ரத்தத்துல லாக்டேட் அளவு இறங்கல, புரோட்டோகால் படி நீங்க செய்யறது எல்லாம் சரி, ஆனா ஏன் இறங்கலன்ற கேள்வி வீட்டுக்கு வந்தும் விடல, போய் படிச்சீங்க, மறுநாள் ரவுண்ட்ஸ்ல அட்டெண்டிங் தொற்றோட சோர்ஸ் எங்கன்னு யோசிச்ச விதத்த பாத்து அந்த யோசனையும் அதோட பொறுப்பும்தான் எனக்கு வேணும்னு தோணுச்சு, இந்த மாதிரி உங்க வாழ்க்கைல நிஜமா நடந்த ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதை தேடி எடுங்க. பேஷண்ட் அடையாளம் தெரியாம எழுதணும்னு நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பழைய பெர்சனல் ஸ்டேட்மெண்ட்ட திறந்து வெச்சுக்கிட்டு அங்கங்க திருத்தாதீங்க. வெத்து பக்கத்துலருந்து எழுதுங்க, ஆம்காஸ்ல ஸ்பேஸோட சேத்து 5,300 எழுத்து, டிஎம்டிஎஸ்ஏஎஸ்ல 5,000. ஆக்டிவிட்டி பகுதில 15 எடம், ஒவ்வொண்ணுக்கும் 700 எழுத்து, மூணுக்கு மட்டும் கூடுதலா 1,325. அதுல வைட்டல்ஸ் பாத்தேன், மெடிகேஷன் குடுத்தேன்னு வேலை விவரம் எழுதி வீணாக்காதீங்க, ஐசியூ நர்ஸ் என்ன பண்ணுவாங்கன்னு அவங்களுக்கு தெரியும். சார்ஜ் நர்ஸா இருந்தது, புது நர்ஸுக்கு பிரிசெப்டரா (வேலை கத்துக் குடுக்கறவரா) இருந்தது, ஒரு குடும்பத்துகிட்ட கடினமான செய்தி போறப்ப நீங்க என்னவா இருந்தீங்கன்றது, இதை பிரிச்சு தனித்தனியா எழுதுங்க.

நர்ஸுங்க வழக்கமா விடறது ரெண்டு. ஒண்ணு ஷேடோயிங், அதாவது ஒரு டாக்டர் கூடவே இருந்து அவர் வேலைய பாக்கறது. டாக்டர் கூடவே தானே வேலை பாக்கறேன், எதுக்குன்னு தோணும். ஆனா நீங்க பாத்தது ஐசியூ டாக்டரோட ஒரு பகுதி வேலைய மட்டும், அதுவும் நர்ஸா ஓடிக்கிட்டே. ஃபேமிலி மெடிசின் கிளினிக்ல, யூனிஃபார்ம் இல்லாம, ஒரு 40 மணி நேரமாவது உக்காந்து பாருங்க, ஒரு டிஓ கிட்டயும் போங்க, நிறைய டிஓ காலேஜ் டிஓ டாக்டரோட லெட்டர விரும்பும். இன்னொண்ணு ஆஸ்பத்திரிக்கு வெளிய சேவை. சம்பளத்துக்கு பாத்த பத்தாயிரம் மணி நேரம் இந்த எடத்த நிரப்பாது. ஃபுட் பேங்க், பெரியவங்களுக்கு இங்கிலீஷ் கத்துக் குடுக்கறது, எதுவா இருந்தாலும் வாரம் ரெண்டு மூணு மணி நேரம் ஒரு வருஷம் தொடர்ந்து போங்க. அப்ளிகேஷனுக்கு முந்தின மாசம் மட்டும் நூறு மணி நேரம் போட்டா தேதிய பாத்தாலே தெரிஞ்சுடும்.

லெட்டர் பத்தி சுருக்கமா. பழைய நர்ஸிங் புரொஃபசர் லெட்டரும் மேனேஜர் லெட்டரும் மட்டும் போதாது, நிறைய காலேஜ் ரெண்டு சயின்ஸ் ஃபேகல்டி லெட்டர் கேக்கும், புதுசா எடுக்கற பாடத்துல முதல் வாரத்துலருந்தே ஆபீஸ் அவர்ஸ் போனீங்கன்னா அது தன்னால அமையும். போன தடவை லெட்டர் ஆம்காஸ்ல அடுத்த வருஷத்துக்கு தொடராது, புதுசா வாங்கணும்.

நேரம். செப்டம்பர்ல போட்டதுதான் போன தடவை உங்கள பாதி தோக்கடிச்சுது. காலேஜுங்க சீட்ட வந்த வரிசைல நிரப்பிக்கிட்டே போகும், நீங்க போட்டப்புறம் கிரேடு வெரிஃபை பண்ணவே சீசன்ல ஆறு வாரம் வரை ஆகும், செகண்டரி (ஒவ்வொரு காலேஜும் தனியா கேக்கற அடுத்த அப்ளிகேஷன்) எழுதி முடிக்கறப்ப பாதி இண்டர்வியூ எடம் போயிருக்கும். அப்படியிருந்தும் ஒரு எடத்துல கூப்பிட்டாங்கன்னா உங்க கதைல ஏதோ அவங்கள தொட்டிருக்கு, அதை நம்புங்க. அதனால இந்த ஜூன விட்டுட்டு அதுக்கடுத்த வருஷம், டிஎம்டிஎஸ்ஏஎஸ் மே மாசத்துலயே, ஆம்காஸ் திறந்த முதல் வாரத்துல. எம்கேட் அதுக்கு முன்னாடி ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிருக்கணும். செகண்டரில போன தடவைக்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னு நிறைய காலேஜ் நேரடியாவே கேக்கும், இப்ப செய்யற ஒவ்வொண்ணையும் தேதி போட்டு ஒரு நோட்ல எழுதிட்டு வந்தா அந்த பதில் ஒரு மணி நேர வேலை. எத்தனை தடவை அப்ளை பண்ணலாம்னு வரம்பு வெச்சிருக்க காலேஜும் இருக்கு, அரைகுறையா ஒரு தடவைய வீணாக்கக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியால பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சு என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) எழுதி இங்க வந்தவங்களும் இதை படிப்பீங்க, உங்களுக்கு கணக்கு வேற. ஆம்காஸ் வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்ட்ட வெரிஃபை பண்ணி ஜிபிஏ போடாது, நிறைய காலேஜ் அமெரிக்காலயோ கனடாலயோ 90 கிரெடிட் இல்லன்னா டிகிரியே கேக்கும். மொதல்ல அதைப் பாருங்க, எம்கேட்ட அப்புறம் தொடுங்க. எச்1பி விசால இருந்தா எடுக்கற காலேஜும் குறைவு, ஃபெடரல் லோனும் கிடைக்காது.

லோன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன், 2026 ஜூலை 1-லருந்து புதுசா சேர்றவங்களுக்கு கிராட் பிளஸ்ன்ற ஃபெடரல் லோன் கிடையாது, மத்த ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர்னு வரம்பு வந்துடுச்சு. டெக்ஸாஸ் அரசு காலேஜ்ல உள்ளூர்க்காரங்களுக்கு டியூஷன் நிறைய மாநிலத்த விட கம்மின்றதால உங்களுக்கு அதுக்குள்ள அடங்க வாய்ப்பு அதிகம், வெளி மாநில பிரைவேட் காலேஜ்னா இடிக்கும். வீட்ல என்பின்னு சொல்றவங்க கவலை பெரும்பாலும் இந்த பணமும் வயசும்தான். 33 வயசுல சேந்தா ரெசிடென்சியோட 40 ஆகும், அந்த காலத்துல நர்ஸ் சம்பளம் இருக்காதுன்றதையும் மறைக்காம ஒரு பேப்பர்ல எழுதி அவங்க முன்னாடி வைங்க. அதைப் பாத்தப்புறமும் உங்களுக்கு என்பி சரின்னு தோணினா அதுவும் நல்ல முடிவுதான், அங்க போய் நிம்மதியா இருக்கவங்க நிறைய பேர் எனக்கு தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணுதான். வெயிட்லிஸ்ட்ல வெச்ச அந்த காலேஜோட அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போடுங்க, நன்றி சொல்லிட்டு, மறுபடி அப்ளை பண்ண போறேன், என் ஃபைல்ல எது பலவீனமா இருந்துச்சுன்னு ஒரு பதினஞ்சு நிமிஷம் பேச முடியுமான்னு கேளுங்க. எல்லா காலேஜும் செய்யாது, செய்யறவங்க அப்ளிகேஷன் சைக்கிள் முடிஞ்ச இந்த இடைவெளிலதான் செய்வாங்க, ஜூலை வந்துட்டா புது அப்ளிகேஷன்ல மூழ்கிடுவாங்க. இண்டர்வியூல தொங்குச்சா, மார்க்ல தொங்குச்சான்னு அவங்க வாயால தெரிஞ்சா, மேல சொன்னதுல எதுக்கு எத்தனை மாசம் ஒதுக்கணும்ன்றது உங்களுக்கே மாறும். இண்டர்வியூதான்னு சொன்னாங்கன்னா எனக்கு திரும்ப எழுதுங்க, எம்எம்ஐக்கு (அடுத்தடுத்து நடக்கற பல குட்டி இண்டர்வியூ) தயார் பண்றது தனியா பேச வேண்டிய விஷயம்.